வால்ட்டர் ஹான்காக்

வால்ட்டர் ஹான்காக் (ஜூன் 16, 1799 – மே 14, 1852) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். குதிரைகளின்றி நீராவியால் ஓடும் பேருந்துகளை வடிவமைத்து, இலண்டன் நகரச் சாலைகளில் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் சென்றவர். 1833ஆம் ஆண்டில் இவருடைய எண்டர்பிரைஸ் என்னும் ஊர்தி தொடங்கிய சேவை, பேருந்துப் பணிக்கென்றே வடிவமைக்கப்பட்ட இயந்திர ஊர்தியைக் கொண்டு நடத்தப்பட்ட முதலாவது ஒழுங்கான சேவையாகக் கருதப்படுகிறது.

ஹான்காக்கின் பேருந்துகள் அவர் வாழ்நாளிலேயே சாலையிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் சக்கரங்களுக்காக அவர் கையாண்ட அமைப்பு மறையவில்லை. மரத்தாலான ஆரக்கால்களின் அடிமுனைகளை ஆப்பு வடிவில் செதுக்கி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே மரையாணிகளால் இறுக்கும் இம்முறை, பின்னாளில் பீரங்கி வண்டிகளிலும் தொடக்ககால மோட்டார் கார்களிலும் பரவலாகப் பயன்பட்டது. அவ்வகைப் பீரங்கி வண்டிச் சக்கரம் ஒன்று சென்னையின் பெயராலேயே அழைக்கப்பட்டது.

பிறப்பும் குடும்பமும்

வால்ட்டர் ஹான்காக் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள மார்ல்பரோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஹான்காக் மர வணிகர். மரப்பொருட்கள் செய்யும் தொழிலிலும் ஈடுபட்டிருந்தார். அவருடைய ஆண் மக்களுள் வால்ட்டர் ஆறாமவர்.

இவருடைய உடன்பிறந்தோர் சிலரும் தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெற்றவர்கள். மூத்தவரான தாமஸ் ஹான்காக் (1786–1865) பிரித்தானிய இரப்பர் தொழிலை நிறுவியவராகப் போற்றப்படுகிறார். வீணாகும் இரப்பர்த் துண்டுகளை அரைத்துப் பிசைந்து மீண்டும் பயன்படுத்த உதவும் பொறியை அவர் 1820இல் உருவாக்கினார். தம்பியான சார்லஸ் ஹான்காக் ஓவியர். பின்னர் குட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலைக் கொண்டு பொருட்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டார். மரமும் இரப்பரும் இயந்திரமும் ஒரே குடும்பத்தில் புழங்கியதன் தாக்கம் வால்ட்டரின் பணிகளில் தெரிகிறது.

தொழிற்பயிற்சியும் முதல் பொறியும்

இளமையில் வால்ட்டர் இலண்டனில் கடிகாரமும் நகையும் செய்யும் ஒருவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். எனினும் அவருடைய ஆர்வம் விரைவிலேயே பெரிய இயந்திரங்களின் பக்கம் திரும்பியது.

1824ஆம் ஆண்டில் இவர் வழக்கமான உருளையும் உந்துதண்டும் இல்லாத நீராவிப் பொறி ஒன்றை உருவாக்கினார். இரப்பர்க் கரைசல் பூசிய பல மடிப்புத் துணியாலான இரண்டு பைகள் அதில் இருந்தன. நீராவி ஒரு பையில் புகுந்து அதை விரிக்கும்போது மற்றது சுருங்கும். இம்மாறுபாட்டால் பொறி இயங்கும். பொறியின் எடை மிகக் குறைவாக இருந்ததால், சாலையில் ஓடும் வண்டியில் அதைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள ஸ்ட்ராட்போர்டில் இருந்த தம் பணிமனையில் அதைச் சோதித்தார். வண்டியை இழுக்கப் போதுமான ஆற்றல் அதிலிருந்து கிடைக்கவில்லை. பொறியைக் கைவிட்டாலும் சாலை வண்டி என்னும் நோக்கத்தை இவர் கைவிடவில்லை.

பாதுகாப்பான கொதிகலன்

மக்கள் நிறைந்த தெருவில் நீராவி வண்டியை ஓட்ட விரும்பியவர்களுக்கு இருந்த முதல் அச்சம் கொதிகலன் வெடிப்பு ஆகும். ஒரே பெரிய கலத்தில் நீரும் நீராவியும் அடைபட்டிருந்தால், ஒரு மூட்டு விட்டுப்போனாலும் முழுக் கலமும் சிதறக்கூடும். 1827இல் ஹான்காக் இதற்கு ஒரு மாற்றுக்குக் காப்புரிமம் பெற்றார். அவருடைய கொதிகலன் ஒடுக்கமான பல தனி அறைகளை அடுக்கி அமைக்கப்பட்டது. அறைகளுக்கு இடையே தீயின் வெப்பம் சென்றது. மிகை அழுத்தம் ஏற்பட்டால் ஓர் அறையின் தகடு கிழிந்து நீராவி வெளியேறுமே தவிர, முழுக் கலனும் வெடித்துச் சிதறாது.

எரிபொருளாகக் கல்கரி பயன்பட்டது. அது நிலக்கரியைப் போலப் புகை கக்காது. பொறியாலேயே சுழற்றப்பட்ட விசிறி தீக்குக் காற்றை ஊட்டியது.

முதல் ஊர்திகள்

ஹான்காக்கின் முதல் சோதனை ஊர்தி மூன்று சக்கரங்களைக் கொண்டது. அதன் பொறி முன்சக்கரத்தை இயக்கியது. இலண்டனைச் சுற்றியுள்ள சாலைகளில் பலநூறு மைல் ஓடிய இவ்வண்டி, நடைமுறைப் பயன்பாட்டுக்கு முந்தைய பாடமாக அமைந்தது.

அடுத்து உருவான இன்பன்ட் பத்துப் பேர் அமரக்கூடியது. 1831ஆம் ஆண்டு பிப்ரவரியில் இது ஸ்ட்ராட்போர்டுக்கும் இலண்டனுக்கும் இடையே கட்டணச் சேவையைத் தொடங்கியது. 1832 அக்டோபர் இறுதியில் இலண்டனிலிருந்து கடற்கரை நகரமான பிரைட்டனுக்கும் சென்றது.

இவ்வூர்திகளில் ஹான்காக் படிப்படியாகச் செய்த மாற்றங்களுள் முதன்மையானது, பொறியின் சுழற்சியைப் பின் அச்சுக்குச் சங்கிலி வழியாகக் கடத்தியதாகும். பொறி வண்டியின் உடலுக்குள் தூசு படாத இடத்தில் செங்குத்தாக நின்றது. வண்டி வில்களின் மேல் ஏறி இறங்கினாலும் சங்கிலி அதற்கு ஈடுகொடுத்தது. இதனால் பொறியும் அச்சும் ஒன்றையொன்று சிதைக்காமல் இயங்கின. அச்சுக்கு வந்து சேர்ந்த விசையை மரச்சக்கரத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்பதே எஞ்சிய சிக்கலாக இருந்தது.

மரச்சக்கரமும் அதன் குறையும்

மரச்சக்கரத்தின் அமைப்பு நாடுகளுக்கிடையே பெரிதும் வேறுபடவில்லை. தமிழகத்து மாட்டு வண்டியின் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளலாம். நடுவில் உருண்டை வடிவான மரக்கட்டை உள்ளது. இது குடம் எனப்படும். குடத்திலிருந்து ஆரக்கால்கள் புறப்பட்டு, வெளிவட்டமாக அமையும் வட்டைகளில் சென்று சேர்கின்றன. வட்டைகளின் மேல் இரும்புப் பட்டை பழுக்கக் காய்ச்சி ஏற்றப்பட்டு, நீரூற்றிக் குளிர்விக்கப்படுகிறது. பட்டை சுருங்கும்போது அனைத்து உறுப்புகளும் இறுகுகின்றன. குடத்தின் நடுத்துளையில் அச்சு நுழைகிறது. சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி தடுக்கிறது.

இவ்வமைப்பில் வலுக்குறைந்த இடம் குடமே ஆகும். ஒவ்வோர் ஆரக்காலின் அடிமுனையும் கழுந்தாகச் செதுக்கப்பட்டு, குடத்தில் வெட்டிய துளையில் அடித்துப் பொருத்தப்படுகிறது. பன்னிரண்டு ஆரக்கால் என்றால் குடத்தைச் சுற்றிலும் பன்னிரண்டு துளைகள் வேண்டும். நடுவில் அச்சுக்காக மற்றொரு பெருந்துளை உண்டு. எந்த இடத்தில் வலிமை மிகுதியாகத் தேவையோ, அந்த இடத்திலேயே மரம் மிகுதியாக வெட்டி எடுக்கப்படுகிறது.

இதனுடன் காலநிலையும் சேர்கிறது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசுக்கு மேல் செல்லும் ஊர்களுள் ஒன்று. இத்தகைய வட்டாரங்களில் வறண்ட மாதங்களில் குடம் சுருங்கி ஆரக்கால்கள் ஆட்டம் காண்பதும், பட்டை தளர்வதும் வண்டிக்காரர்கள் நன்கறிந்தவை. சக்கரங்களை ஏரியிலோ குளத்திலோ நனைத்து மரத்தை உப்பவைப்பது நாட்டுப்புறங்களில் வழங்கிய தற்காலிகத் தீர்வாகும். ஆட்டம் முற்றிய பின் குடத்தின் துளைகள் தேய்ந்து அகன்றுவிடும். அதன் பிறகு புதிய ஆரக்காலைப் பொருத்தினாலும் நிற்காது. குடத்தையே மாற்ற வேண்டும்.

விலங்குகள் இழுக்கும் வண்டியில் இக்குறையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அங்கே சக்கரம் சுமையைத் தாங்கி உருள்கிறதே தவிர, வண்டியைத் தள்ளுவதில்லை. நீராவி வண்டியில் நிலைமை வேறு. பொறியின் முறுக்கு விசை முழுவதும் அச்சிலிருந்து குடத்துக்கும், குடத்திலிருந்து ஆரக்கால்கள் வழியாக வட்டைக்கும் செல்ல வேண்டும். வண்டி புறப்படும்போதும், மேடு ஏறும்போதும் ஒவ்வோர் ஆரக்காலும் தன் துளைக்குள் நெம்புகோலைப் போல் செயற்பட்டுக் குடத்தைப் பிளக்க முனைகிறது. கொதிகலனும் பொறியும் சேர்ந்த பெருஞ்சுமையும் அதன் மேலேயே இருக்கிறது. குதிரை வண்டிக்குப் போதுமானதாக இருந்த சக்கரம் இதற்குப் போதவில்லை.

ஹான்காக்கின் உலோகக் குடம்

1830களின் தொடக்கத்தில் தம் பேருந்துகளில் ஹான்காக் பயன்படுத்திய சக்கரம், குடத்தில் துளை வெட்டும் முறையை முற்றிலும் நீக்கியது. அதன் அமைப்பு வருமாறு:

* ஒவ்வோர் ஆரக்காலின் அடிமுனையும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டது. எல்லா ஆரக்கால்களையும் சுற்றி வைக்கும்போது ஆப்புகள் ஒன்றையொன்று தொட்டு, இடைவெளியற்ற ஒரு வளையமாகின்றன. கல் வளைவில் கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பது போன்றது இது.
* இவ்வளையத்தின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் வட்டமான இரும்புத் தகடுகள் வைக்கப்பட்டன.
* ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குச் செல்லும் மரையாணிகள், ஆப்பு வளையத்தை இரண்டு தகடுகளுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தன.
* நடுவிலிருந்த உலோகக் குழல் அச்சைத் தாங்கியது. அச்சு மரத்தில் உரசவில்லை.

இதனால் பல நன்மைகள் கிடைத்தன. முதலாவதாக, துளைகள் இல்லாததால் குடத்தின் வலிமை குறையவில்லை. சுமை ஏறும்போது ஆப்புகள் மேலும் நெருங்கி இறுகின. இரண்டாவதாக, முறுக்கு விசை ஒரு சிறிய கழுந்தின் மேல் விழாமல், தகடுகளின் பிடிப்பினாலும் மரையாணிகளாலும் ஆரக்கால்கள் அனைத்துக்கும் பரவியது. மூன்றாவதாக, மரம் சுருங்கினால் மரையாணிகளைத் திருகி மீண்டும் இறுக்க முடிந்தது. நான்காவதாக, ஓர் ஆரக்கால் உடைந்தால் தகட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்ற முடிந்தது. சக்கரத்தை முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டிய தேவை குறைந்தது.

உலோகக் குடத்தில் மற்றொரு வசதியும் இருந்தது. ஹான்காக்கின் வண்டிகளில் சக்கரம் அச்சோடு நிலையாகப் பிணைக்கப்படவில்லை. அச்சின் முனையில் பொருத்திய இரும்புக் கை, குடத்தின் வெளித்தகட்டிலுள்ள புடைப்பைத் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றியது. கைக்கும் புடைப்புக்கும் இடையே விளையாட்டு இடம் இருந்ததால், வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அச்சைவிடச் சற்று வேகமாக உருள முடிந்தது. பிற்கால மோட்டார் ஊர்திகளில் வேறுபாட்டுப் பல்லிணை செய்த வேலையின் ஒரு பகுதியை இது எளிய முறையில் நிறைவேற்றியது. மரக் குடத்தில் இத்தகைய இணைப்பை நம்பகமாக அமைப்பது கடினம்.

வெளிவட்டமும் ஆரக்கால்களும் மரமாகவே இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. சக்கரம் முழுவதையும் வார்ப்பிரும்பால் செய்தால் எடை கூடும். கரடுமுரடான சாலையின் அதிர்ச்சியில் விரிசலும் விடும். மரம் அதிர்ச்சியை ஏற்றுச் சற்று வளைந்து கொடுக்கும். எந்த இடத்தில் மரம் பொருந்தும், எந்த இடத்தில் உலோகம் வேண்டும் என்று பிரித்தறிந்ததே இவ்வடிவமைப்பின் சிறப்பு.

இலண்டன் பேருந்துச் சேவைகள்

இலண்டன்–பாடிங்டன் நீராவி வண்டி நிறுவனத்துக்காக ஹான்காக் எண்டர்பிரைஸ் என்னும் பேருந்தைக் கட்டினார். இது ஏப்ரல் 22, 1833 அன்று இலண்டன் வால் பகுதியிலிருந்து இஸ்லிங்டன் வழியாகப் பாடிங்டனுக்கு ஓடத் தொடங்கியது. பதினாறு நாட்கள் ஓடிய பின்னர், நிறுவனத்துக்கும் ஹான்காக்குக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டது. நிறுவனத்தின் பொறியாளர் இதே போன்ற வேறொரு வண்டியைத் தாமே கட்ட முயன்றார். அது வெற்றி பெறவில்லை. எண்டர்பிரைசின் சேவையும் நின்றது.

அதே ஆண்டில் ஆட்டோப்சி உருவானது. தன் கண்ணால் காண்டல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. அக்டோபர் மாதத்தில் இது பின்ஸ்பரி சதுக்கத்துக்கும் பென்டன்விலுக்கும் இடையே ஓடியது. 1834இல் ஈரா, ஆட்டோப்சி ஆகிய இரண்டும் சேர்ந்து நான்கு மாதங்கள் அளவில் சேவை நடத்தி, ஏறக்குறைய 4,000 பயணிகளை ஏற்றிச் சென்றன.

1836இல் ஓடிய ஆட்டோமேட்டன் இவருடைய பேருந்துகளுள் பெரியது. 22 பேர் அமரக்கூடியது. பயணிகளுடன் மணிக்கு 20 மைலுக்கு (சுமார் 32 கிலோமீட்டர்) மேற்பட்ட வேகத்தில் இது ஓடியது. அவ்வாண்டில் ஹான்காக்கின் வண்டிகள் இருபது வாரங்கள் தொடர்ந்து சேவையில் ஈடுபட்டன. அவை இஸ்லிங்டனுக்கு 525 முறையும், பாடிங்டனுக்கு 143 முறையும், ஸ்ட்ராட்போர்டுக்கு 44 முறையும் சென்று வந்தன. கடந்த மொத்தத் தொலைவு சுமார் 4,200 மைல் (சுமார் 6,760 கிலோமீட்டர்). ஏறிய பயணிகள் 12,761 பேர். நெரிசல் மிகுந்த இலண்டன் மையப் பகுதியை அவை 200 முறைக்கு மேல் கடந்தன. அக்காலத்தில் வேறெந்தச் சாலை நீராவி ஊர்தியாளரும் நகரச் சாலைகளில் இத்தகைய தொடர்ச்சியான சேவையைக் காட்டவில்லை.

உருவாக்கிய ஊர்திகள்

* முச்சக்கர ஊர்தி – முதல் சோதனை வண்டி
* இன்பன்ட் – 1831இல் ஸ்ட்ராட்போர்டு–இலண்டன் சேவை. 1832இல் பிரைட்டன் பயணம்
* ஈரா – 1832. இலண்டன்–பிரைட்டன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. பின்னர் எரின் எனப் பெயர் மாற்றப்பட்டு அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது
* எண்டர்பிரைஸ் – 1833, பாடிங்டன் சேவை
* ஆட்டோப்சி – 1833, பென்டன்வில் சேவை
* ஆட்டோமேட்டன் – 1836. 22 பேர் அமரக்கூடியது
* நீராவி பேட்டன் – 1838. மூவர் அமரக்கூடிய சிறிய தனியார் வண்டி

எதிர்ப்பும் வீழ்ச்சியும்

அக்காலத்துப் பிரித்தானியச் சாலைகள் பல, சுங்கம் தண்டும் பொறுப்பாளர் குழுக்களின் கையில் இருந்தன. குதிரை வண்டித் தொழிலை நம்பியவர்களும் தீவனம் விளைவித்த நிலவுடைமையாளர்களும் நீராவி வண்டிகளை விரும்பவில்லை. அவை சாலையைக் கெடுக்கும் என்று காரணம் கூறி மிகுதியான சுங்கம் விதிக்கப்பட்டது. லிவர்பூல்–பிரஸ்காட் சாலையில் பயணிகளோடு செல்லும் குதிரை வண்டிக்கு 4 சில்லிங் வாங்கப்பட்ட நிலையில், நீராவி வண்டிக்கு 2 பவுண்டு 8 சில்லிங் விதிக்கப்பட்டது. இது பன்னிரண்டு மடங்காகும்.

1831இல் பிரித்தானிய மக்களவை இதனை ஆராயக் குழு அமைத்தது. ஹான்காக் அக்குழுவின் முன் சான்றளித்தார். நீராவி வண்டிகள் பாதுகாப்பானவை, அவற்றின் மீதான மிகைச் சுங்கம் நீக்கப்பட வேண்டும் என்று குழு முடிவு கூறியது. ஆனால் சுங்கச் சலுகை சட்டமாகவில்லை. பிரபுக்கள் அவை அதற்கு இசையவில்லை.

சாலையில் நேரடித் தடைகளும் ஏற்பட்டன. 1831இல் குளோஸ்டர்–செல்டனம் சாலையில், கோல்ட்ஸ்வொர்தி கர்னி வடிவமைத்த நீராவி வண்டிகள் நான்கு மாதங்கள் ஓடின. சாலையில் ஆழமாகக் கொட்டப்பட்ட கற்களின் மேல் ஏறியபோது வண்டியின் அச்சு முறிந்தது. சேவை முடிவுக்கு வந்தது. ஜூலை 29, 1834 அன்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கும் பெய்ஸ்லிக்கும் இடையே ஓடிய ஜான் ஸ்காட் ரசலின் நீராவி வண்டி, கற்கள் குவிக்கப்பட்ட சாலையில் சக்கரம் உடைந்து சாய்ந்தது. கொதிகலன் வெடித்துப் பயணிகள் சிலர் உயிரிழந்தனர். சக்கரத்தின் வலிமையும் கொதிகலனின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இவ்விபத்து காட்டியது. ஹான்காக் இவ்விரண்டிலும் ஒருசேரக் கவனம் செலுத்தியிருந்தார்.

எனினும் பொருளாதார நிலையில் அவரால் நிற்க முடியவில்லை. முதலீட்டாளர்களின் கவனம் இருப்புப்பாதைகளின் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு ஆண்டுச் சோதனைகளின் விவரங்களைத் தொகுத்து 1838இல் ஹான்காக் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய கொதிகலன், பொறி, சக்கரம் ஆகியவற்றின் விவரங்களையும் பயணக் கணக்குகளையும் அறிய அந்நூல் முதன்மைச் சான்றாக விளங்குகிறது. அதே ஆண்டில் தம் சிறிய பேட்டன் வண்டியை இலண்டன் தெருக்களிலும் ஹைடு பூங்காவிலும் ஓட்டிக் காட்டினார். 1840 அளவில் கடன் சுமையால் சாலை ஊர்திப் பணியை அடியோடு நிறுத்தினார்.

இறுதிக் காலம்

சாலை ஊர்திகளை விட்ட பின் வால்ட்டர் ஹான்காக் தம் அண்ணன் தாமசின் இரப்பர்த் தொழிலுக்குத் துணைநின்றார். இரப்பரை மெல்லிய தாள்களாக அறுப்பதற்கும், இரப்பர்க் கரைசல் செய்வதற்குமான முறைக்கு 1843இல் காப்புரிமம் பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் இரப்பர் பூசிய பைகளோடு பொறியாளராகத் தொடங்கியவர், மீண்டும் இரப்பருக்கே வந்து சேர்ந்தார்.

மே 14, 1852 அன்று தமது 52ஆம் அகவையில் வெஸ்ட் ஹாமில் காலமானார். 1865ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் சாலை இயந்திர ஊர்திகளின் வேகத்தை நகருக்குள் மணிக்கு 2 மைலாகவும், வெளியே 4 மைலாகவும் குறைத்தது. ஊர்திக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்றும் விதித்தது. இவ்வகைக் கட்டுப்பாடுகள் 1896இல்தான் தளர்ந்தன. இலண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் நிறுவனம் தன் கடைசிக் குதிரைப் பேருந்தை 1911இல் நிறுத்தியது. அப்போது ஆட்டோமேட்டன் அதே நகரில் ஓடி எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்னை வடிவச் சக்கரம்

ஹான்காக்கின் சக்கரத்தில் காணப்பட்ட அதே தத்துவம் படைத்துறையில் நீண்டகாலம் பயன்பட்டது. சென்னை மாகாணத்துப் பீரங்கிப் படையில் வழங்கிய உலோகக் குடமுள்ள சக்கரம், சென்னை வடிவம் என்று பெயர் பெற்றது. இதன் குடம் பீரங்கி வெண்கலத்தால் ஆனது. உட்புற விளிம்புத் தகடு அச்சுக் குழலோடு சேர்ந்திருக்கும். வெளிப்புறத் தகடு தனியாகக் கழலும். இவற்றுக்கிடையே ஆரக்கால்களின் ஆப்பு முனைகள் மரையாணிகளால் இறுக்கப்பட்டன.

வெப்பமும் வறட்சியும் மிகுந்த நாட்டில் மரக்குடத்தின் குறை படைகளுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. பீரங்கியை இழுத்துச் செல்லும் வண்டி கற்பாறைகளிலும் வயல்களிலும் விரைந்து ஓட வேண்டும். சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பையும் சக்கரம் தாங்க வேண்டும். பட்டறை இல்லாத இடத்தில் ஆரக்கால் உடைந்தால் அங்கேயே மாற்ற வேண்டும். உலோகக் குடம் இவற்றுக்கு ஈடுகொடுத்தது. 1870களில் பிரித்தானியக் களப் பீரங்கி வண்டிகளிலும் சென்னை வடிவச் சக்கரங்கள் ஏற்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வடிவங்கள் அனுப்பப்பட்டுவந்த காலத்தில், சென்னையின் பெயரைத் தாங்கிய ஒரு வடிவம் எதிர்த்திசையில் சென்றது குறிப்பிடத்தக்கதாகும்.

மோட்டார் ஊர்திகளில்

பீரங்கிச் சக்கரம் என்றே பெயர் பெற்ற இவ்வமைப்பை, தொடக்ககாலக் கார் உற்பத்தியாளர்கள் பலர் ஏற்றனர். 1908இல் அறிமுகமான ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களில், பன்னிரண்டு மர ஆரக்கால்களின் ஆப்பு முனைகள் எஃகுக் குடத்தின் தகடுகளுக்கிடையே மரையாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. பொறியின் விசை சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்ல வேண்டிய தேவை, ஹான்காக்கின் பேருந்துக்கும் இக்காருக்கும் பொதுவானது. கம்பி ஆரங்களும், அழுத்தி வார்த்த எஃகுச் சக்கரங்களும் பரவிய பின்னர் 1920களின் பிற்பகுதியிலிருந்து மர ஆரக்கால்கள் மறையத் தொடங்கின.

தமிழகச் சூழலில்

சாலை நீராவி ஊர்திகள் சென்னைக்கும் காலந்தாழ்ந்து வந்தன. 1840இல் சென்னையில் தொடங்கப்பட்டு, குதிரை வண்டிகள் கட்டும் தொழிலில் பெயர் பெற்ற சிம்சன் நிறுவனம், 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் அதை வடிவமைத்தார். 1905இல் அந்நிறுவனம் நீராவிப் பேருந்தையும் கட்டியது. ஹான்காக் வாழ்ந்த காலத்தில் குதிரை வண்டித் தொழில் நீராவிப் பேருந்துக்கு எதிராக நின்றது. சென்னையில் வண்டி கட்டுவோரே நீராவிப் பேருந்தையும் கட்டினர்.

மாட்டு வண்டியில் மரக் குடம் மேலும் பல காலம் நிலைத்தது. ஆப்பு முனை ஆரக்கால்களுக்கும் மரையாணித் தகடுகளுக்கும் துல்லியமான உலோக வேலை வேண்டும். அதன் செலவு உழவருக்குக் கட்டுப்படியாகாது. மரக் குடத்தை ஊர்த் தச்சரும் கொல்லருமே செய்து, பழுதும் பார்த்துவிடுவர். இருபதாம் நூற்றாண்டில் காற்றடைத்த டயர் வண்டிகள் வந்தபோதுதான் இந்நிலை பரவலாக மாறியது. திருத்தணி போன்ற வட்டாரங்களில் கரும்பும் நெல்லும் ஏற்றிச் செல்லும் டயர் வண்டியின் சக்கரத்தில் ஆரக்கால்கள் இல்லை; ஆனால் அதன் நடுவில் உருளைத் தாங்கி பொருத்திய எஃகுக் குடமும், அதனோடு மரையாணிகளால் பிணைத்த தகடும் உள்ளன. குடத்தை உலோகத்தாலும் இணைப்பை மரையாணியாலும் அமைக்கும் முறை, மரச்சக்கரம் மறைந்த பின்னும் இவ்வாறு தொடர்கிறது.

மதிப்பீடு

நீராவிச் சாலைப் போக்குவரத்தில் ஈடுபட்ட முன்னோடிகளுள் வால்ட்டர் ஹான்காக் மிகவும் செயல்திறன் வாய்ந்தவராக மதிப்பிடப்படுகிறார். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சார்ந்து நிற்காமல், கொதிகலன், பொறி, சங்கிலி, சக்கரம் என ஒவ்வோர் உறுப்பையும் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருத்தியது இதற்குக் காரணம். சட்டமும் சுங்கமும் முதலீடும் அவருக்குத் துணை செய்யாததால் பேருந்துத் தொழில் அவருக்குக் கடனையே விட்டுச் சென்றது. பயணிகளின் கண்ணில் படாத குடத்தின் அமைப்பே, அவர் கையாண்டவற்றுள் நெடுங்காலம் உலகச் சாலைகளில் ஓடியது.